ராணி ஆன்லைனில் இருக்கிறார்

“சாவியைக் குடுக்க மாட்டேன். உன் வரலாறு என்ன வேணாலும் சொல்லிட்டுப் போகட்டும்.”

மாமியார் இதைச் சொன்னது அடுப்படியில், கையில் கரண்டியோடு. குரலைக் கேட்டால் கோட்டை மதில் மேல் நின்று சொன்ன மாதிரி இருந்தது.

மருமகள் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு மறு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அருங்காட்சியகத்தில் வேலை பார்ப்பதால் இந்த வீட்டில் அவளுக்கு ‘மியூசியம்’ என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் வைத்தது. கோபத்திலும் அதுதான், கொஞ்சலிலும் அதுதான்.

“அத்தை, இன்னிக்குக் கடைசி நாள். சாயங்காலம் ராணி சாவியைக் குடுத்தாகணும். ஊரே பார்க்கப் போகுது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். ஊரே பார்க்கும். உங்க மாமாவும் பார்ப்பாரு. பொண்டாட்டி இறங்கி வந்துட்டான்னு நினைச்சு, அங்கேயே கடையை எழுதிக் குடுக்கப் பேனா மூடியைத் திறந்துடுவாரு.”

இந்த வீட்டுக்குள் இப்போதுதான் நுழைகிறவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாமனாருக்கு மெத்தைக்கடை. கடைத்தெருவின் முனைக்கடை. அந்த முனை மேல் ஒரு பெரிய கம்பெனிக்குக் கண். மாமனாரும் ‘தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாதி ஆயுளை அந்தக் கல்லாவில் நின்றே கழித்த அம்மாளுக்குச் செய்தி எப்படித் தெரிந்தது? பக்கத்துக் கடைக்காரர் வாழ்த்துச் சொன்னபோது.

அன்று மூடிய வாய். சாப்பாடு போடுகிறார், சட்டை எடுத்துவைக்கிறார், எல்லாம் நடக்கிறது. பேச்சு மட்டும் மருமகள் வழியாக. “மியூசியம், உங்க மாமாவை மாத்திரை போடச் சொல்லு.” “மியூசியம், போட்டாச்சுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு.” இருவருக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு மேசைதான் தூரம். அந்தத் தூரத்துக்குத் தபால்காரியாக நடந்து நடந்து தேய்ந்தாள் மருமகள்.

அலுவலகத்தில் அவளுக்கு வேறு பாடு. கோட்டை முற்றுகையின் நினைவு வாரம். அந்தக் காலத்து மனிதர்கள் கையில் செல்போன் இருந்திருந்தால் என்னென்ன போஸ்ட் போட்டிருப்பார்கள் என்று யோசித்து, ராணி, தளபதி, ராஜா, வாசல் காவலன் என்று ஆளுக்கொரு கணக்குத் தொடங்கியிருந்தாள். முதலில் எல்லாவற்றையும் அவளே எழுதினாள். லைக் போட்டவர்கள் அருங்காட்சியகத்தின் மேலதிகாரியான காப்பாட்சியரும் அவருடைய தங்கையும்தான்.

மாத்திரைத் தபாலைச் சுமந்துகொண்டு நடந்த ஒரு காலையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. முற்றுகையிடும் தளபதியின் கணக்கை மாமனாரிடம் கொடுத்தாள். கோட்டைக்குள் கதவடைத்துக்கொண்டிருக்கும் ராணியை மாமியாரிடம். வேட்டைக்குப் போய்த் திரும்பாத ராஜாவை, மெத்தை ஆர்டர் எடுக்க வெளியூர் போயிருக்கும் தன் கணவனிடம். வாசல் காவலனை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

ஊர் மொத்தமும் அந்தக் கணக்குகளில் வந்து விழுந்தது. வாடகை சைக்கிள் கடையிலிருந்து வங்கி வரிசை வரை, “ராணி இன்னிக்கு என்ன சொன்னாங்க?” என்பதே பேச்சு.

காப்பாட்சியருக்கு இந்த உள்வீட்டு ஏற்பாடு தெரியாது. வசனமெல்லாம் மருமகள் எழுதுவது என்று நினைத்துத் தினமும் முதுகில் தட்டுகிறார். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். கற்பனை எங்கே வேண்டுமானாலும் போகட்டும். முடிவு மட்டும் கல்வெட்டில் உள்ளபடி வந்து நிற்க வேண்டும். கல்வெட்டில் இருப்பது ஒரே வரி: ‘அரசி கோட்டைச் சாவியைத் தந்தாள், படை திரும்பிப் போனது.’ இன்று சாயங்காலம் ராணி அந்தச் சாவியைத் தராவிட்டால் இந்த வேலை ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய்விடும். மருமகள் பழையபடி வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிக்க வேண்டியதுதான்.

“என் வேலை போயிடும் அத்தை.”

மாமியார் அடுப்பைத் தணித்தார். “என் கடை போகுதே, அதுக்கு என்ன சொல்றே?”

மாமியார் சாப்பாட்டுப் பையை எடுத்து, டப்பாவை வைத்து, துணியைச் சுற்றினார். சுற்றிக்கொண்டே கேட்டார்.

“அந்தச் சாவி இப்போ எங்க இருக்கு?”

“எங்க கண்ணாடிப் பெட்டியில.”

“பூட்டு?”

“அது கிடைக்கவே இல்லை அத்தை. எவ்வளவோ தோண்டிப் பார்த்துட்டாங்க.”

“ம்.”

கடையில் ஒரு வாடிக்கையாளர் மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு இப்படி ஒரு ‘ம்’ போட்டால், கூட்டிக் கழித்து முடித்துவிட்டார், இனி வாயைத் திறப்பது மட்டும்தான் பாக்கி என்று அர்த்தம். மருமகளுக்கு அவசரம். அந்த ‘ம்’மை அவள் கவனிக்கவில்லை.

“மறக்காம சாப்பிடு. நேத்து மாதிரி அப்படியே திருப்பிக் கொண்டு வராதே.”

அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் பெரிய திரை. நாற்காலிகள் நிரம்பிவிட்டன. மாடிப்படியிலும் ஆட்கள். மருமகள் தூணோரம் நின்று, வாசல் காவலனாக அன்றைய முதல் போஸ்டைத் தட்டினாள்.

‘கிழக்கு வாசல் மூடியிருக்கிறது. மேற்கும் மூடியிருக்கிறது. வடக்கு, தெற்கு கேட்கவே வேண்டாம். முற்றுகை என்றால் அப்படித்தான். ஆளாளுக்கு வந்து என்னிடம் கோபிக்காதீர்கள்.’

கூடம் சிரித்தது. அடுத்து தளபதி வந்தார்.

‘அரசியாரே! கோட்டைச் சாவி, துறைமுகம், தானியக் களஞ்சியம், குதிரை லாயம். நான்கும் வேண்டும். இதுதான் கடைசி விலை.’

“கடைசி விலையா?” என்றார் காப்பாட்சியர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

ராணியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஆன்லைனில் இருக்கிறார். பதில் மட்டும் வரவில்லை. கூடம் காத்திருந்தது. தளபதியும் காத்திருந்தார், ஆனால் அவரால் அதிக நேரம் முடியவில்லை.

‘சரி, லாயம் வேண்டாம்.’

பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தது.

‘களஞ்சியத்தில் பாதி போதும்.’

புள்ளி எரிந்தது.

‘துறைமுகத்தை இருவரும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாமே?’

கமெண்டுகள் கொட்டின. ‘ராணியம்மா, வாயைத் திறந்துடாதீங்க, இன்னும் இறங்குவாரு!’ ‘இவரு தளபதியா, தள்ளுபடியா?’ நடுவில், நிலவரம் ஒன்றும் தெரியாமல், ராஜா ஒரு போஸ்ட் போட்டார். ‘இன்று காட்டில் ஒரு மான் பார்த்தேன். என்ன அழகு!’ அதன் கீழே யாரோ எழுதினார்கள்: ‘மன்னா, வீட்டுக்கு ஒரு போன் பண்ணுங்க.’

காப்பாட்சியர் மருமகளை ஓரமாக இழுத்தார். “என்னம்மா, நம்ம ஆளு படையெடுத்து வந்தவரா, சந்தைக்கு வந்தவரா? இந்த வேகத்துல போனா சாவியையும் வேண்டாம்னுடுவாரு போல இருக்கே.”

“பார்த்துக்கறேன் சார்.”

“பார்த்துக்கோ. விளம்பரக் கம்பெனிக்காரர் முன்வரிசையிலதான் உட்கார்ந்திருக்காரு.”

அவள் தெருவைத் தாண்டி மெத்தைக்கடைக்கு ஓடினாள்.

தளபதி பாசறையில் இருந்தார். அதாவது, மாமனார் அடுக்கிவைத்த மெத்தைகளின் உச்சியில் சம்மணமிட்டு, செல்போனைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே ஒருவர் தலையணை கேட்டு நின்றார். “கொஞ்சம் இருங்க, முற்றுகை நடக்குது” என்று அவருக்குப் பதில் போயிற்று.

“மாமா, என்ன பண்றீங்க? நீங்க மிரட்டணும்.”

“மிரட்டினேனே! பதில் வரலையே!”

“அதுக்காகத் துறைமுகத்தையே விடுவீங்களா? வாங்க வந்தவன் பேசாம நின்னா நீயும் பேசாம நில்லுன்னு உங்க பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?”

“அது கடையிலம்மா.” மாமனார் போனை அவள் பக்கம் திருப்பினார். “பச்சைப் புள்ளி எரியுது பாரு. படிச்சுட்டுத்தான் இருக்கா. ஒரு வார்த்தை வரலை. வீட்டுலயும் இதேதான். தட்டு வைக்கிற சத்தம் கேட்குது, வளையல் சத்தம் கேட்குது, என்னைக் கூப்பிடற குரலைக் காணோம். என் விலை தானா இறங்கிடுது.”

கல்லாவில் எத்தனையோ கில்லாடிகளைக் காயவிட்ட மனிதர். இன்று ஒரு பச்சைப் புள்ளியிடம் சரிந்துகொண்டிருந்தார்.

“கடையை ஏன் மாமா குடுக்கறீங்க?”

அவர் மெத்தையின் ஓரத் தையலை விரலால் நெருடினார்.

“உங்க அத்தைக்குக் கால் வீங்குது. நான் தூங்கிட்டேன்னு நினைச்சு ராத்திரியில தைலம் தேய்ச்சுக்கறா. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. அறை முழுக்க அந்த வாசனை. போதும், உட்காரட்டும்னுதான் வாக்குக் குடுத்தேன்.”

“இதை அத்தைகிட்ட சொன்னீங்களா?”

“பேசினாத்தானே சொல்ல முடியும்?”

“வாக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி பேசிட்டுத்தானே இருந்தாங்க?”

மாமனார் பேச்சை மாற்றினார். “சாயங்காலம் கம்பெனிக்காரங்க வராங்க,” என்றார். “கடையை உள்ள வந்து பார்த்துட்டுக் கையெழுத்து.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்குத்தான். ராணி சாவி குடுக்கற அன்னிக்கே வெச்சுக்கலாம்னு...” முடிக்காமல் நிறுத்தினார். கீழே நின்றவர் தானே ஒரு தலையணையை எடுத்து அமுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

அருங்காட்சியகத்துக்குத் திரும்பும் வழியில் மருமகள் மாமியாரை அழைத்தாள். மறுமுனையில் முதல் கேள்வி: “சாப்பிட்டியா?”

“இல்ல அத்தை. அதுக்கு நேரமில்லை. மாமா கடையைக் குடுக்கறது உங்க கால் வலிக்காகத்தானாம். தைலம் தேய்ச்சுக்கறீங்களே, அது அவருக்குத் தெரியுமாம்.”

யாரும் சொல்லி அனுப்பாமல் அவள் கொண்டுபோய்ச் சேர்த்த முதல் தபால் இது. அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிப்பது கேட்டது.

“தெரியுமாமா?” என்றார் மாமியார், குரல் கொஞ்சம் இறங்கி. உடனே நிமிர்ந்துகொண்டார். “கால் என்னுது. அதுக்கு வேற ஒருத்தர் எப்படி வாக்குக் குடுக்கலாம்? நிக்க முடியலைன்னா ஒரு நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாமே. கடையையா விப்பாங்க?”

“அதை நீங்களே அவர்கிட்ட...”

“சாவிதானே வேணும் உனக்கு? குடுத்துடறேன். போய்ச் சாப்பிடு.”

போன் வைக்கப்பட்டது. மருமகள் தெருவின் நடுவே நின்றாள். அவ்வளவு அடம் பிடித்த ஆள் இவ்வளவு சுலபமாகச் ‘சரி’ என்றால், வியாபாரக் குடும்பத்தில் சந்தோஷப்பட மாட்டார்கள்; சரக்கைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். அதனால் சந்தோஷப்பட்டாள்.

மதியம் மாமனார் அழைத்தார். குரலில் குதிரையே ஓடியது.

“மியூசியம்! சாப்பிட வந்தேனா, உங்க அத்தை கடைச் சாவியை, அவ வெச்சிருக்காளே அவளோட சாவி, அதை என் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. பேசலை. ஆனா வெச்சுட்டா! அவளுக்கும் சம்மதம்தான் போல.”

“நல்லது மாமா.”

“நான் கொஞ்சம் கண் அசந்துட்டுக் கிளம்பறேன். சாயங்காலம் தளபதி கம்பீரமா இருப்பாரு, கவலைப்படாதே.”

மாமனாரின் மதியத் தூக்கம் தெருவுக்கே தெரிந்த சங்கதி. இடி விழுந்தாலும் எழ மாட்டார். அந்த நேரத்தில் கடை பூட்டியிருக்கும்.

சாயங்காலம் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கண்ணாடிப் பெட்டியின் மேல் வெல்வெட் துணி போர்த்தியிருந்தது. ராணி சாவியைத் தந்ததும் துணியை விலக்கக் காப்பாட்சியர் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளம்பரக் கம்பெனிக்காரர் கால் மேல் கால் போட்டிருந்தார். மருமகள் திரையைப் பார்த்தாள். பச்சைப் புள்ளி.

‘அரசியாரே,’ என்று தளபதி எழுதினார், ‘கடைசியாகக் கேட்கிறேன். சாவி.’

ராணி தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

‘தளபதியாரே, இதோ சாவி. வாங்கிக்கொள்ளும்.’

கைத்தட்டல் கூரையில் மோதியது. காப்பாட்சியர் துணியை இழுத்தார். இரும்புச் சாவி விளக்கில் பளிச்சென்றது. “வரலாறு பிழைச்சுதும்மா!” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அடுத்த வருஷமும் நீதான். வெளியாள் யாரும் வேண்டாம்.” முன்வரிசையில் மேல் கால் கீழே இறங்கியது.

வேலை தப்பியது. அப்பாடா என்று மருமகள் தூணில் சாய்ந்தாள்.

அப்போது திரையில் இன்னொரு போஸ்ட் வந்தது. ராணியிடமிருந்து. ஏற்பாட்டில் இல்லாத போஸ்ட். ஒரு புகைப்படம்: ஒரு பூட்டு, புத்தம் புதிது. கீழே ஒரு வரி.

‘சாவி கேட்டீர், தந்தோம். பூட்டைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அதை மாற்றிவிட்டோம்.’

கூடம் வெடித்தது. நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்கள். காப்பாட்சியர் மட்டும் சிலையாக நின்றார். அவர் உதடுகள் கல்வெட்டு வரியை முணுமுணுத்தன.

“அரசி சாவியைத் தந்தாள்... படை திரும்பிப் போனது...” அவர் மருமகளைப் பார்த்தார். “சாவி கிடைச்ச படை எதுக்கும்மா திரும்பிப் போகணும்? இத்தனை வருஷமா இதை நான் யோசிக்கவே இல்லையே! ஒருவேளை பூட்டுதான்... இதுக்கு ஆதாரம் இருக்கா?”

“இல்லை சார். இது முழுக்க ராணியோட கற்பனை.”

“என்ன கற்பனை! எப்படிம்மா தோணிச்சு உனக்கு?”

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மாமா.

“மியூசியம்!” பின்னால் தெருச் சத்தம். “சாவி உள்ளயே போக மாட்டேங்குது! ரெண்டு சாவியும் போட்டுப் பார்த்துட்டேன். ஷட்டர்ல தொங்கறது நம்ம பூட்டே இல்லை. கம்பெனிக்காரங்க பக்கத்துல நின்னு என்னையும் பார்க்கறாங்க, போனையும் பார்க்கறாங்க. அவங்களும் ராணியை ஃபாலோ பண்றாங்க போல, ஒருத்தர் சிரிக்கறாரு. உனக்கு ஏதாவது தெரியுமா?”

“எனக்கு எப்படி மாமா தெரியும்? லைன்ல இருங்க.”

உண்மையாகவே தெரியாது. தலை சுற்றியது. காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சரியாக அந்த நேரத்தில் மாமியாரிடமிருந்து ஒரு செய்தி.

‘சாப்பிட்டியா இல்லையா?’

மருமகள் அந்தக் கேள்வியைப் பார்த்தாள். காலையில் ‘மறக்காம சாப்பிடு’, நடுவில் ‘சாப்பிட்டியா’, இப்போது மறுபடியும். சாப்பாட்டுப் பையை எடுத்தாள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

டப்பாவின் மூடி மேல் ஒரு சாவி இருந்தது. புதுசு. கடையில் கட்டித் தந்த நூல்கூட அவிழ்க்கப்படவில்லை.

“லைன்ல இருக்கியா?” என்றது ஒரு கையிலிருந்த போன். மறு கையில் சாவி கனத்தது. ராணி புதுப் பூட்டை முன்பே வாங்கிவைத்து, மதியம் மாமா தூங்கும்போது மாற்றியிருக்கிறார். அதன் சாவியை வாசல் காவலனுக்குக் காலையிலேயே கொடுத்தனுப்பிவிட்டார்; காவலன்தான் பசியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்.

திறந்துவிடு என்று கொடுத்தாரா, திறக்காதே என்று கொடுத்தாரா? கேட்கலாம். கேட்டால் ஒரு பதில் வரும், அதை மாமாவிடம் சொல்ல வேண்டும், அவர் ஒன்று சொல்வார், அதை அத்தையிடம்... மருமகள் தபால் பையைக் கீழே வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

“மாமா, போனைப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு, வாசல் காவலனாகத் தட்டினாள். ஊரே பார்க்கும் திரையில், ஒவ்வொரு எழுத்தாக.

‘வாசல் காவலன் அறிவிப்பது. புதுச் சாவி என்னிடம் இருக்கிறது. தளபதியும் ராணியும் நேருக்கு நேர் நின்று ஐந்து நிமிடம் பேசினால் தருவேன். இனி யாருக்காகவும் யாரிடமும் செய்தி சொல்ல மாட்டேன்.’

ஒரு விசில் எழுந்தது. தளபதியிடமிருந்து உடனே ஒரு வரி வந்தது. அதில் கம்பீரம் இல்லை, பேரம் இல்லை.

‘அரசியாரே, நான்தான். கடை வாசலில் நிற்கிறேன். வா.’

எல்லோரும் ராணியின் பெயரைப் பார்த்தார்கள். தளபதியின் எத்தனையோ மிரட்டலுக்கும் இறக்கத்துக்கும் அசையாமல் எரிந்த அந்தப் பச்சைப் புள்ளி, முதல் தடவையாக அணைந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாரா? போனைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே தாழ் போட்டுக்கொண்டாரா?

மருமகள் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, டப்பாவைத் திறந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள்.